ஆறு நாள் என்று சொன்ன குரல்

1997 மே 25, ஞாயிறு

இன்றும் சபையில் எங்களுக்குப் பின் வாங்கு, கடைசிப் பெஞ்சுதான். அப்பத் தட்டு எங்களுக்கு முன் வரிசை வரைக்கும் வந்து, யூ-டேர்ன் அடித்துத் திரும்பிப் போனது. அப்பாவைத் திருவிருந்துப் பந்தியிலிருந்து விலக்கிய நாளிலிருந்து இப்படித்தான். கொட்டாஞ்சேனையில் கடைக்கு மேல் மாடியில் கூடும் சின்னச் சபை எங்களுடையது. பாஸ்டர் இல்லை. மூப்பர் பூபாலசிங்கம் அங்கிள்தான் எல்லாம். வீட்டுத் தலைவர் வெளியே என்றால் வீடே வெளியே என்பது அங்கே சட்டம்.

அப்பா செய்த குற்றம், ஒரு கேள்வி கேட்டது. ஏப்ரலில் ஒரு வெளிநாட்டுப் பிரசங்கியின் வீடியோ போட்டார்கள். பூமிக்கு ஆறாயிரம் வயது, படைத்தது ஆறு நாளில், ஒவ்வொன்றும் இருபத்துநாலு மணித்தியாலம் என்று அதில் சொன்னார். அப்பா பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிப்பவர், வாய் சும்மா இருக்குமா? "சூரியன் வந்தது நாலாம் நாள்தானே. முதல் மூண்டு நாளையும் ஆர் மணிக்கூடு வைச்சு அளந்தது?" என்று எழுந்து கேட்டுவிட்டார். பிறகு பேச்சு வளர்ந்தது. நாள் என்றால் யுகம் என்றார். விலக்கிவிட்டார்கள்.

நானாக இருந்தால் பூமியிடம் ஐசி, அதுதான் அடையாள அட்டை, கேட்டிருப்பேன். பிறந்த தேதி தெரியாது, கொழும்பில் தமிழருக்கு வேண்டிய பொலிஸ் பதிவும் இல்லை. தமிழ்ப் பூமியாயிருந்தால் இந்நேரம் உள்ளே. ஜெபத்துக்கு நடுவில் இதை அண்ணாவின் காதில் சொன்னேன். அவன் சிரிப்பை இருமலாக்கினான். அம்மா இரண்டு பேரையும் கிள்ளினா.

மே 28

நேற்றுக் கீழ்வீட்டு டோரின் அன்ரியின் போனில் அப்பாவைக் கேட்டு ஒரு மாணவன். அப்பா குளியலறையில். நான் அப்பாவின் குரலைப் போட்டுக்கொண்டு, "தம்பி, நாளைக்குச் செய்முறைப் பாடம். ஒரு தேங்காய் கொண்டு வாரும்" என்றேன். இன்றைக்குக் கொண்டுபோயிருக்கிறான். அப்பா தேங்காயோடு வீட்டுக்கு வந்து என் காதைத் திருகினார். சாட்சியத்தை அம்மா சம்பலாக்கிவிட்டா.

ஜூன் 2, திங்கள்

அண்ணாவைப் பிடித்துவிட்டார்கள்.

சோதனைக்குப் படிக்கக் கொட்டாஞ்சேனையில் ஒரு சிநேகிதனின் லொட்ஜுக்குப் போனவன் அங்கேயே தங்கிவிட்டான். விடியச் சுற்றிவளைப்பு. அவனுடைய பொலிஸ் பதிவு எங்கள் வீடு இருக்கிற வெள்ளவத்தையில், ஆள் கொட்டாஞ்சேனையில். அது போதும் அவர்களுக்கு. லொட்ஜ்காரர் டோரின் அன்ரிக்குப் போன் எடுத்துச் சொன்னார். அன்ரி படியேறி வந்து, கதவில் நின்று, "மை டியர், ஜெபநேசன்..." என்றுவிட்டு அம்மாவைப் பிடித்துக்கொண்டா.

ஜூன் 3, செவ்வாய்

அப்பாவின் சிங்களம் கடை வாசலைத் தாண்டாது. ஸ்டேஷனில் அவருக்கு விளங்கியது இவ்வளவுதான்: தெரிந்த, பொறுப்பான ஒருவர் வந்து சொன்னால் விடுவார்கள். இல்லாவிட்டால் வியாழன் காலை வேறு இடத்துக்கு அனுப்புவார்கள். வேறு இடம். எந்த இடம் என்று நான் கேட்கவில்லை.

இப்படிப் பிடிபடுகிற பொடியன்களுக்காகப் போவது பூபாலசிங்கம் அங்கிள்தான். வெள்ளைச் சேட்டு, கையில் சிங்கள பைபிள், பிறந்து வளர்ந்தது போல் சிங்களம். ஸ்டேஷன் பொறுப்பதிகாரி, ஓஐசியே கதிரை போடுவாராம்.

அம்மா போய்க் கேட்டா. அங்கிள் சொன்னாராம்: "தங்கச்சி, உங்கட சபைப் பொடியனா எண்டுதான் முதல் கேள்வி. ஓம் எண்டு நான் எப்பிடிச் சொல்றது? உங்கட அவரை, ஆறு நாள்தான் எண்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கோ. உடனே போறன்."

அம்மா அழ, அவரும் அழுதாராம். "நாள் எண்டது யுகமாயிருந்து, ஆதாமுக்கு முதலே சாவு இருந்ததெண்டா, சாவு ஆண்டவர்ர திட்டம் எண்டாகும். அப்ப என்ர மகனில ஷெல் விழுந்ததும் திட்டமோ? அதை நான் நம்பினா எனக்கு ஜெபிக்க ஏலாது, தங்கச்சி."

அவருக்கு ஒரு மகன் இருந்தது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

அப்பா டோரின் அன்ரியின் போனை இரண்டு தரம் எடுத்தார். இரண்டு தரமும் வைத்தார். "பூமியின்ர கல்லிலையும் ஆண்டவர்ர கையெழுத்துத்தான் கிடக்கு. கல்லுச் சொல்றது பொய்யெண்டா, பொய் சொன்னது அவரெல்லோ? வேற வழி பாப்பம். லோயர் ஒருத்தர் இருக்கிறார்."

"அண்ணாவை விடக் கல்லுப் பெரிசோ?" என்றேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

ஜூன் 4, புதன்

லோயர் வெள்ளிக்கிழமைதான் வருவாராம். வெள்ளி!

செய்துவிட்டேன். காலி வீதியில் ஸமீம் நானாவின் கொமினிகேஷன் போன் கடைக்குப் போய், கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று, தொண்டையைச் செருமினேன். அப்பா எப்போதும் இரண்டு தரம் செருமுவார்.

"பிரதர், நான்தான். ஆறு நாள். இருபத்துநாலு மணித்தியால நாள். என்ர படிப்பால பெருமை பிடிச்சுப்போனன். மன்னியுங்கோ."

அந்தப் பக்கம் கதிரை இழுபட்டது. பிறகு, "ஸ்தோத்திரம். ஸ்தோத்திரம். இப்பவே வெளிக்கிடுறன், பிரதர்." குரல் உடைந்திருந்தது. யாரையாவது ஏமாற்றினால் எனக்கு வயிற்றுக்குள் ஒரு சிரிப்பு உருளும். இன்றைக்கு உருளவில்லை.

நானா கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "வாப்பாட குரல்ல யாரோட பேசின, மகன்?"

சொன்னேன். "நீ ஊட்டுக்குப் போ. நானும் துஆ கேக்கிறன்" என்றார்.

(பின்னேரம்)

ஓட்டோ வந்து நின்றது. அண்ணா இறங்கினான். பெல்ட் இல்லாத காற்சட்டையை ஒரு கையால் பிடித்திருந்தான். காதுக்குக் கீழே இரத்தம் காய்ந்திருந்தது. அம்மா அவனை முகர்ந்து பார்த்தா.

அங்கிள் நேரே அப்பாவைக் கட்டிப்பிடித்தார். "பிரதர், காலமை உங்கட குரலைக் கேட்டதும் முழங்காலில நிண்டிட்டன்."

அப்பா அங்கிளைப் பார்த்தார். அண்ணாவைப் பார்த்தார். பிறகு என்னை. பேசாமல் இருங்கோ அப்பா, ஒரே ஒரு தரம் பேசாமல் இருங்கோ என்று கண்ணால் கெஞ்சினேன்.

"நான் போன் எடுக்கேல்ல, பிரதர்."

அங்கிள் கையை எடுத்தார். "அப்ப, எங்கட சபைப் பொடியன் எண்டு ஓஐசிக்கு நான் சொன்னது?"

"நான்தான் அங்கிள் கதைச்சனான்." என் சொந்தக் குரல்தான், ஆனால் யாருடையதோ போல் வந்தது.

அவர் என்னைத் திட்டவில்லை. அம்மா வைத்த தேத்தண்ணியைத் தொடவும் இல்லை. வாசலில் நின்று செருப்பைப் போட்டபடி சொன்னார்: "திங்கட்கிழமை ஜெபநேசனை நான் ஸ்டேஷனில கையெழுத்து வைக்கக் கூட்டிக்கொண்டு போகவேணும். அதுக்கு முதல் ஸ்டேஷனுக்குப் போய் உண்மையைச் சொல்லவேணுமோ எண்டு ஜெபிச்சுப் பாக்கோணும்."

ஜூன் 5

லொறிச் சத்தம் கேட்டால் அண்ணா கக்கூசுக்குள் போய்விடுகிறான்.

ஜூன் 6

அங்கிள் ஸ்டேஷனில் சொல்லிவிடுவார். அவர் யார் என்று எனக்குத் தெரியும். ஒரு செத்த வீட்டில் நாலு நல்ல வார்த்தை சொல்லும்படி கேட்டபோது, கனக்க யோசித்து, "உயரமான மனுஷன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டவர். இப்படிப்பட்ட ஒருவரைப் போய் ஏன் தெரிந்தெடுத்தேன்? வேறு யார் இருந்தார்கள்?

அப்பா என்னைக் கூப்பிட்டு இருத்தினார். "நல்ல வேலை செய்தாய் எண்டும் சொல்லேலாமக் கிடக்கு. கூடாத வேலை எண்டும் சொல்லேலாமக் கிடக்கு." அவர் பேசுவதே குறைந்துவிட்டது. தண்ணீர் வேண்டுமென்றால் கையைக் காட்டுகிறார்.

ஏனப்பா பொய் சொல்லவில்லை? ஒரு 'ம்' போதுமே. 'ம்' பொய்யா?

ஜூன் 7, சனி

கல்கிசையில் இருக்கும் சித்தி வீட்டுக்கு அனுப்பவென்று அம்மா அண்ணாவின் உடுப்புகளை பேக்கில் அடுக்கினா. அண்ணா ஒவ்வொன்றாக வெளியே எடுத்தான். "நான் ஓடினா அங்கிளைத்தான் உள்ள போடுவாங்கள். அவர் எனக்காகக் கையெழுத்து வைச்சவர்." அம்மா திரும்ப அடுக்கினா. அவன் திரும்ப எடுத்தான். இரண்டு பேரும் அழவில்லை. அது இன்னும் மோசம்.

ஜெபித்தேன். பகிடி ஒன்றும் வரவில்லை. ஆண்டவரே, அவருக்கு மறதியைக் கொடும் என்று மட்டும் கேட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

போகத்தான் வேண்டும் என்றார் அப்பா. நாலு பேரும் போய்ப் பின் வாங்கில் இருந்தோம்.

அங்கிள் வழமை போல் முன்னால், பந்தி மேசைக்குப் பக்கத்தில். பாட்டு முடிந்ததும் எழுந்தார்.

"நான் புதன்கிழமை ஒரு பொய் சொல்லிப்போட்டன்," என்றார். "தெரியாமல்தான் சொன்னனான். இப்ப தெரியும். அதைத் திருத்தினா ஒரு பிள்ளை திரும்ப உள்ள போகும். நான் திருத்தப் போறதில்ல. தெரிஞ்சு பொய்யை வைச்சிருக்கிறவன் இந்த மேசைக்குக் கிட்ட இருக்கேலாது. வேற ஆராவது அப்பத்தைப் பிட்டுக் குடுங்கோ."

யாரோ ஒருவர் எழுந்து மேசைக்குப் போனார். அவர் பைபிளை எடுத்துக்கொண்டு வாங்குகளுக்கு நடுவால் நடந்து வந்தார். எங்கள் வாங்கின் ஓரத்தில் நின்றார். அப்பா தள்ளி இடம் விட்டார்.

தட்டு எங்களுக்கு முன் வரிசை வரை வந்து திரும்பிப் போனது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தா.

அங்கிள் முகத்தைத் திருப்பாமல், மெதுவாக, "ஆறு நாள்தான், பிரதர்," என்றார்.

அப்பா இரண்டு தரம் செருமினார். "பொடியனை நாளைக்கு எத்தினை மணிக்கு அனுப்ப?"

"எட்டரைக்கு. வெள்ளைச் சேட்டுப் போடச் சொல்லுங்கோ."