மிஸியிடம் நானே பேசிக்கொள்கிறேன்

குகன் அப்பா,

உங்களை எழுப்பாமல், பக்கத்து வீட்டுப் பூவிழியின் காரில் ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டேன். முதுகு ஸ்கேனுக்குத் துணைக்கு வரவேண்டாம் என்று நேற்று நான் சொன்னது சும்மா இல்லை.

போன வருஷம் ஸ்கேனுக்குப் போனபோது நர்ஸ் என்னைப் பார்த்துத்தான், "இழுப்பு, அலர்ஜி ஏதும் இருக்காம்மா?" என்று கேட்டார். நீங்கள் முந்திக்கொண்டு, "ஒன்னும் இல்லலா மிஸி, இவ இரும்பு!" என்றீர்கள். குளிர் வந்தால் பக்கத்து லயத்து வீடுகள் வரைக்கும் கேட்கிற என் இழுப்பு, உங்கள் காதில் மட்டும் விழவில்லை. ஸ்கேன் மருந்தை ஊசியில் ஏற்றியதும் இரும்புக்கு உதடு வீங்கியது. "அழகாத்தான் இருக்கு" என்று வேறு சொன்னீர்கள்!

இந்த முறை நானே முன்கூட்டிப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டாக்டர் கொடுத்த மாத்திரையும் போட்டாயிற்று. ஊசிக்குப் பிறகு கொஞ்ச நேரம் உட்காரவைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்களாம்.

நெத்திலி சம்பல் சட்டியில் இருக்கிறது. சோறு மட்டும் ஆக்கிக்கொள்ளுங்கள். கேஸ்காரர் வந்தால் காலி சிலிண்டரைக் கொடுங்கள், என் முதுகுக் கதையைக் கொடுக்க வேண்டாம்.

செல்வராணி

பி.கு.: அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று கேட்டார்கள். உங்கள் நம்பரைத்தான் கொடுத்தேன். போனைப் பக்கத்திலேயே வைத்திருங்கள். என்னால் பேசமுடியாமல் போனால், அப்போது எனக்காக நீங்கள்தான் பேசவேண்டும். இழுப்பு இருக்கிறது என்பதிலிருந்து ஆரம்பியுங்கள்.