தனித்தனிக் கட்டில்

கோபக்காரிக்கு,

நீ உன் அக்கா வீட்டுக்குப் போன இந்த ஒன்பது நாளில், நம் பயணத்துக்காக நான் பட்டியல் போட்ட பதினான்கு தீவுகளையும் மறுபடி அலசிவிட்டேன். எல்லாம் ஒரே குப்பை. அதே மணல், அதே சாய்ந்த தென்னை, அதில் தொங்கும் அதே ஊஞ்சல். ஒரு தீவில் குளியலறைக்குக் கதவே இல்லை. அதற்குப் பெயர் இயற்கையோடு இணைந்த வாழ்க்கையாம்.

பயண ஏஜென்ட் அதைவிட மோசம். படகு எஞ்சினின் குதிரைத்திறன் என்ன என்று கேட்டால், "சார், சூரிய அஸ்தமனம் சூப்பரா இருக்கும்" என்கிறான். மண்டு! லிஃப்ட் பழுது பார்க்கும் என்னிடம் போய் அஸ்தமனம் பேசுகிறான்.

என் அட்டவணையில் பிழை இல்லை. விலை, தூரம், மழை, கொசு எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டேன். தனித்தனிக் கட்டில் போட்ட அறைதான் மலிவு என்று வந்தது, பதிவு செய்தேன். நீதான், "அப்படியே நடுவுல ஒரு சுவரும் எழுப்பச் சொல்லு, இன்னும் கம்மியா வரும்" என்று பையைத் தூக்கினாய்.

"மாப்ள, கல்யாணமாகி முதல் பயணம், அதுக்குமா அட்டவணை?" என்று உன் அக்கா போனில் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேற்று அந்த மண்டுவிடமே போய் ஒரே கட்டில் உள்ள அறையாக மாற்றினேன். அதே விலைக்குக் கடல் பார்த்த ஜன்னலை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. இப்போது ஜன்னலில் தெரியப்போவது தண்ணீர்த் தொட்டி. தெரியட்டும். கடல் எங்கும் ஓடிவிடாது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குப் படகு. டிக்கெட் இரண்டும் என் சட்டைப் பையில்தான் இருக்கின்றன. ஒன்றை மட்டும் ரத்து செய்ய முடியுமா என்று நான் கேட்கவில்லை.

சுவர் வேண்டாம் என்கிற,
உன் வீட்டுக்காரன்