வெந்நீர் அடுப்பில் போன நிரூபணம்

பிப். 11, புதன்

பனி. பத்து மணிக்கு மேல்தான் வெயில். மலையில் தம்பி வீட்டில் புளி உலுக்கல். எனக்கு ஓடு தட்டும் வேலை. விரலெல்லாம் பிசுபிசு.

பி.பி. மாத்திரை போட்டாயிற்று. போனுக்கு டவர் இல்லை.

நஸ்ரீன் எழுதிய கணித நிரூபணத்தை நேற்று சாயங்காலம் மறுபடி படித்து முடித்தேன். நாலைந்து முறை ஆகியிருக்கும். அழகு. பதினோரு தாள், எல்லாம் கையெழுத்து. நாற்பது வயதில், வாணியம்பாடியில் கல்லூரிப் பாடமும் எடுத்துக்கொண்டு எழுதியவள். என் கடைசி ஆய்வு மாணவி. அடுத்த மாதம் ஆய்வேடு கொடுக்க வேண்டும். ஞாயிறு இங்கே வருகிறாள், தாள்களை வாங்கிப் போக.

பிப். 12, வியாழன்

தாள்களைக் காணோம். பெட்டி, பை, பாய்க்கு அடியில். இல்லை.

தம்பி மனைவி செல்வி: "முந்தாநாளு சாயங்காலம் நீங்கதான கிய்ச்சி கிய்ச்சி வெந்நி அடுப்புல போட்டீங்க? வேணாத காயிதம்னு நெனச்சேன்."

நானேதான். ராணுவப் பாதுகாப்பு ஆய்வுக்கூடத்துப் பழக்கம். அங்கே இருந்தவரை, கணக்குப் போட்ட தாளை எரித்துவிட்டுத்தான் வீடு. பல்கலைக்கழகத்துக்கு வந்து இத்தனை வருஷம் பாடம் நடத்தியும் கை மறக்கவில்லை. அதெல்லாம் என் தாள். இது அவளுடையது.

தம்பி: "அங்க இன்னா வேல பாத்தன்னு எங்களுக்குதான் சொன்னதில்ல. அந்தப் பொண்ணுக்காச்சும் இத சொல்லிடுக்கா."



பிப். 14, சனி

நானே எழுதிப் பார்த்தேன். பாதிக்கு மேல் வரவில்லை. அவளிடம் நகல் இருக்காது. போனில் படம் எடுக்காதே என்று தடுத்ததும் நான்தான். அதுவும் அந்தப் பழக்கம்.

இந்த மலையிலிருந்து இறங்கிய பெண்ணை ஆய்வுக்கூடம் எடுத்துக்கொண்டது, அப்புறம் பல்கலைக்கழகம். ஆசைப்பட்ட கணக்கைப் போடச் சம்பளமும் தந்தார்கள். இதற்கு மேல் என்ன கேட்பது என்று போன வாரம்தான் எழுதினேன். இப்போது ஒன்று கேட்கிறேன். அவளுக்கு அது ஞாபகம் இருக்க வேண்டும்.

பிப். 15, ஞாயிறு

வந்துவிட்டாள். ஆலங்காயம் வரை பஸ், அப்புறம் ஷேர் ஜீப். கையில் பிரியாணி டப்பா. வாசலிலேயே சொல்லிவிட்டேன்.

டப்பாவைத் திண்ணையில் வைத்தாள். அப்புறம், "மொத்தமாவா மேடம்?"

"மொத்தமா."

"சாம்பலாச்சும் வெச்சிருக்கீங்களா?"

செல்வி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாப்பிட்டதும் எழுத உட்கார்ந்தாள். மளமளவென்று வந்தது. ஏழாம் தாளில் பேனா நின்றது. "இத வெச்சி வகுத்தேனே, இது பூஜ்யம் ஆவாதுன்னு யாரு சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. ஆகும். பூஜ்யத்தால் வகுத்திருக்கிறோம். அதைத்தான் நான் அழகு அழகு என்று படித்திருக்கிறேன். தேர்வாளர் கண்ணில் பட்டிருந்தால் அவளுடைய இத்தனை வருஷமும் வீண்.

இருட்டும் வரை இரண்டு பேரும் அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிப். 16, திங்கள்

நல்ல வெயில். மதியம் வழி கிடைத்தது. அவளுக்குக் கிடைத்தது. நான் அப்போது புளி ஓடு தட்டிக்கொண்டிருந்தேன். எட்டே தாள். வகுக்கவே தேவையில்லை. வரி வரியாகப் பார்த்தேன். நிற்கிறது.

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இப்படி ஒருத்தி கடைசியாக வந்து சேர்ந்தாளே. நன்றிம்மா என்றேன்.

"இன்னாத்துக்கு மேடம்? நீங்க எரிச்சதுக்கா?"

கடைசி ஜீப் போய்விட்டது. இன்றும் இங்கேதான் தங்கல். செல்வி வெந்நீருக்கு அடுப்பு மூட்டுகிறாள். நஸ்ரீன் எட்டுத் தாளையும் கைப்பையில் போட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சாப்பிடுகிறாள்.