காக்கி வேடம்

மேலக்கரை
8.9.2025

அன்புத் தம்பி மாரிராஜுக்கு அக்கா கலையரசி எழுதுவது.

பயிற்சி முடியும்வரை போன் கிடையாது என்று சொல்லிவிட்டாய். பள்ளிக்கூடம் விட்டபிறகு இப்போதுதான் பேனா பிடிக்கிறேன், எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. உனக்குத் தீயணைப்புத் துறையில் வேலை கிடைத்தால் குலசை தசராவுக்கு அதே வேடம் கட்டுவதாக உன் அத்தான் முத்தாரம்மனிடம் நேர்ந்திருந்தாராம். கட்டின பெண்டாட்டி எனக்கே இப்போதுதான் தெரியும். மாலை போட்டாயிற்று. டவுணில் தைத்து நீ இங்கே விட்டுப்போன இரண்டாவது செட் உடுப்பு அவருக்கு அளவெடுத்தது போல இருக்கிறது. "கடையில வாடகைக்கு எடுத்தா இப்படி அமையுமா?" என்கிறார். எடுத்துக்கொள்ளலாம்தானே?

அக்கா

பயிற்சி முகாம்
14.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தான் எனக்காக நேர்ந்ததைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. ஆனால் அந்த உடுப்பு வேண்டாம் அக்கா. காளி வேடம் கட்டட்டும். காளியைக் கண்டால் கும்பிடுவார்கள், இந்த உடுப்பைக் கண்டால் ஆபத்துக்குக் கூப்பிடுவார்கள். கிணற்றுக்குள் ஒருவன் கிடந்தாலும் முகமூடியும் காற்று உருளையும் இல்லாமல் இறங்கக் கூடாது என்பதுதான் எங்களுக்கு முதல் பாடம். நேற்றுப் பயிற்சியில் யோசிக்காமல் குதித்தவனை அதிகாரி எல்லார் முன்னாலும் திட்டினார். அவரும் நம்ம பக்கத்துக்காரர். "வீரன் கீரன்லாம் வெளிய வச்சுக்கோ. இங்க உசுரோட திரும்புதவன்தாம்லே வேலக்காரன்" என்றார்.

மாரிராஜ்

மேலக்கரை
25.9.2025

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். "நேந்தத மாத்தினா அம்மன் சும்மா விடுவாளா?" என்று ஒரே பிடிவாதம். நேற்று வேடத்தோடு வீடு வீடாகக் காணிக்கை வாங்கப் போன இடத்தில் வீட்டுக்குள் பாம்பு என்று இவர் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். பிடித்துச் சாக்கில் கட்டிவிட்டு வந்திருக்கிறார். கிணற்றை எட்டிப் பார்த்தாலே தலை சுற்றுகிற மனுஷன். "உடுப்பு போட்டா பயமே தெரியல கலை. மாரிக்கும் இப்படித்தான் இருக்கும், என்ன?" என்று கேட்கிறார். சாப்பிடும்போதுகூட கழற்றுவதில்லை. நீயே அவருக்கு இரண்டு வரி எழுது, நீ சொன்னால் கேட்பார்.

அக்கா

பயிற்சி முகாம்
27.9.2025

அக்கா, இதை அத்தானுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டு.

அத்தான், எனக்குப் பயம் போகவில்லை. தினமும் பயப்படுகிறேன், அந்தப் பயத்துக்குத்தான் சம்பளம். யாராவது கூப்பிட்டால் நான் வேடக்காரன் என்று சொல்லிவிட்டு முதலில் 101-க்குப் போன் போடுங்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

மாரிராஜ்

மேலக்கரை
20.10.2025

தம்பிக்கு,

உன் கடைசிக் கடிதம் அவரைத் தூக்கிக்கொண்டு போனபிறகு வந்தது. யாருக்கு வாசிக்க?

நேற்று செல்வமணி குடும்பத்தோடு வந்திருந்தான். கிணறு தூர்வார இறங்கி விஷவாயுவில் மயங்கிக் கிடந்தவன் அவன்தான். "பயர் சர்வீஸ் அண்ணாச்சி வந்துட்டாருன்னு எல்லாரும் வழிவிட்டோம்க்கா. அதான் வந்தாச்சேன்னு யாரும் போன் போடல" என்று அவன் பெண்டாட்டி அழுதாள். இவர் கொஞ்ச நேரம் கிணற்றையே பார்த்து நின்றாராம். அத்தனை பேர் நடுவில் வேடம் என்று சொல்ல வாய் வரவில்லை போல. இறங்கிச் செல்வமணிக்குக் கயிறு கட்டி மேலே அனுப்பிவிட்டார். கயிறு திரும்ப இறங்கினபோது உள்ளே இவரும் சரிந்துவிட்டார், பிடிக்க ஆள் இல்லை.

தெருமுனையில் வீரர் என்று போட்டு பிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். உன் உடுப்பில் சிரிக்கிறார். இறங்கியது அவரா, அந்த உடுப்பா என்று எனக்குத் தெரியவில்லை. செல்வமணி மகள் என் காலில் விழுந்தாள். தூக்கிவிட எனக்குக் கை வரவில்லை.

வேலையை விட்டுவிடட்டுமா என்று அவர் கேதத்துக்கு வந்த அன்று கேட்டாய். விடாதே, அதற்காகத்தான் அவர் நேர்ந்தார். ஆனால் இந்த வாசலுக்கு அந்த உடுப்பில் இனி வராதே. அன்று முகாமிலிருந்து அப்படியே வந்து நின்றாய். அவர்தான் எழுந்து வந்துவிட்டார் என்று நான் ஓடிவந்தேன்.

கலையரசி