கடலுக்கு நான்கு டிக்கெட்

நவம்பர் 14

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் நலம். நீங்கள் நலம் என்று நம் பாப்பா சொல்லித் தெரிந்துகொண்டேன். உங்களிடமே போனில் கேட்டால் மூன்று முறை ‘ம்’ சொல்லிவிட்டு, “சரி, வெச்சிடவா?” என்கிறீர்கள். ஒரு பக்கக் காகிதத்தில் வெறும் ‘ம்’ எழுதி அனுப்ப உங்களுக்கே கூச்சமாக இருக்கும். அதனால்தான் கடிதம்.

புது நாட்டுக்கு வந்து ஒரு வாரமாகிறது. ஆண்டு முடிவு லீவு நெருங்குவதால் ஹோட்டல்களில் வாடகையைக் கண்டபடி ஏற்றிவிட்டார்கள். வார்டன் தெருத்தெருவாக அலைந்து ஒரு வீட்டின் மாடியைப் பிடித்திருக்கிறாள். (ஹாஸ்டலில் என்னையும் டீச்சரையும் அதட்டியே ‘வார்டன்’ பட்டம் வாங்கிய சிநேகிதி, இன்னும் திருந்தவில்லை.) மூன்று அறைகள், ஒரு சமையலறை, எல்லாக் கதவும் முனகும். கீழே வீட்டுக்காரம்மா தனியாக இருக்கிறார். தெருவில் ஒரு சலவைக் கடை, ஒரு சைக்கிள் கடை, பஸ் நிற்கும் இடத்தில் ஒரு பெஞ்சு. டீச்சர் காலையில் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து போகிற பஸ்களை எண்ணுகிறாள். கணக்கு டீச்சராக இருந்து ரிடையர் ஆனவள் வேறு எதை எண்ணுவாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மூன்று மாதம் என்று சொல்லிக் கிளம்பினேன், அரை வருடம் ஆகிவிட்டது. ஆண்டு முடிவுக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தேன், அதுவும் நடக்கப்போவதில்லை. இவர்கள் இருவரும் மார்ச்சுக்குப் பிறகும் இன்னொரு வருடம் சுற்றுவதாக இருக்கிறார்கள். நானும் போவதா, மார்ச்சில் வீட்டுக்கு வருவதா என்று எனக்கே பிடிபடவில்லை. மறைக்காமல் எழுதுகிறேன். லீவுக்கு நீங்கள் இங்கே வாருங்கள். பாப்பா எப்படியும் மாமியார் வீட்டுக்குப் போகிறாள். பத்து நாள் என்னோடு இருங்கள், பார்த்து முடிவு செய்கிறேன்.

ஒரே ஒரு நிபந்தனை. டூல்ஸ் பை வரக் கூடாது.

அன்புடன்,
உங்கள் மனைவி


நவம்பர் 29

அன்புள்ள இந்தாம்மாவுக்கு,

(வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. முப்பது வருடமாக அப்படித்தான் கூப்பிட்டுப் பழக்கம்.)

கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது. பாத்ரூம் பல்பை மாற்றினேன். துவைக்கிற மெஷின் ஆடிக்கொண்டிருந்தது, அடியில் ரப்பர் வைத்துவிட்டேன். நாலாவது மாடிக்காரர் லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம், “வீட்டுல இன்னும் வரலையா சார்?” என்கிறார். “வருவாங்க” என்கிறேன். அதற்கு அவர் தலையை ஆட்டுகிற விதம் இருக்கிறதே, அது எனக்குப் பிடிக்கவில்லை. இப்போது படியில் போகிறேன். லிஃப்ட் மெக்கானிக் படியேறுகிறான் என்று அதற்கும் சிரிக்கிறார்கள்.

லீவில்தான் லிஃப்ட்டெல்லாம் நிற்கும். விருந்தாளிகளும் பெட்டிகளுமாக எல்லோரும் ஒரேயடியாக ஏறுவார்கள், அது பாதி வழியில் நின்றுகொள்ளும். நான் லீவு எடுக்காததற்கு இதுதான் காரணம் என்று உனக்கே தெரியும். ஆனாலும் என்னோடு லிஃப்ட் வேலை பார்க்கிற பங்காளியிடம் சொல்லிவிட்டேன். “நீங்களா? லீவா?” என்றான். பிறகு, “போய்ட்டு வாங்கண்ணே, நான் பாத்துக்கறேன்” என்றான்.

பார்த்து முடிவு செய்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். கல்யாணத்துக்கு முன்பு உன் வீட்டில் என்னைப் பார்த்தது உன் அப்பா. நீ காபியை வைத்துவிட்டு உள்ளே போனவள். இந்த வயதில் மாப்பிள்ளை பார்க்கிறாய். பரவாயில்லை, வருகிறேன்.

பை வராது. எப்படியும் விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள்.

அங்கே ஸ்வெட்டர் போதுமா, கோட்டு வேண்டுமா? உன் சிநேகிதிகளுக்கு என்ன வாங்கி வருவது? எழுது.

இப்படிக்கு,
நான்


டிசம்பர் 9

அன்புள்ள உங்களுக்கு,

வருகிறேன் என்று எழுதியதைப் படித்து நம்பாமல், வார்டனிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னேன். கோட்டு வேண்டும். இவர்களுக்கு ஒன்றும் வேண்டாம், ஆளுக்கு ஒரு ஜோடி காலுறை வாங்கி வந்தால் வாழ்த்துவார்கள்.

“உன் வீட்டுக்காரர் குறட்டை விடுவாரா?” என்று டீச்சர் கேட்டாள். யோசித்துப் பார்த்தேன், மறந்துவிட்டது. விடுவீர்களா? அதை மறந்தது எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

உங்களுக்கென்று தெரு பார்த்த அறையைக் காலி செய்து வைத்திருக்கிறோம். லீவில் இங்கே கடைகள் மூடிக் கிடக்கும், ஊரே அடங்கிவிடுமாம். நல்லதுதான். நடக்கலாம், சீட்டு ஆடலாம், பேசிக்கொண்டிருக்கலாம். ஒரு நாள் எல்லோருமாகக் கடலுக்குப் போகலாம் என்று பேச்சு. பஸ்ஸில் அரை நாள் பயணம் இல்லை, பயப்படாதீர்கள், ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் வந்துவிடும்.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. சாப்பாட்டு மேஜையில் ஒவ்வொருவரும் அன்று பார்த்ததில் ஒன்றைச் சொல்ல வேண்டும். எவ்வளவு சின்ன விஷயமானாலும் சரி. சொல்லாதவர் பாத்திரம் கழுவ வேண்டும். தயாராக வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் மனைவி


ஜனவரி 7

அன்புள்ள இந்தாம்மாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். வீடு தூசி படிந்து கிடந்தது, துடைத்துவிட்டேன். பங்காளி எதையும் கெடுத்துவைக்கவில்லை. ஒரு கல்யாண மண்டபத்து லிஃப்டில் மாப்பிள்ளை வீட்டார் ஏழெட்டுப் பேர் மாட்டிக்கொண்டு, தாலி கட்டுவதற்குள் இறக்கிவிட்டானாம். அதையே பத்துத் தடவை சொல்கிறான்.

லீவு நன்றாகப் போனது. உன் சிநேகிதிகள் நல்ல மாதிரி. வார்டன் மிரட்டினாலும் மனசு வெள்ளை. பாத்திரம் முழுக்க நான்தான் கழுவினேன், அதிலும் குறையில்லை. பார்த்ததைச் சொல்லு என்றால் எனக்கு என்ன சொல்வதென்று தெரியாது, கழுவுவது சுலபம்.

பையைக் கொண்டு வரவில்லை. சொன்ன வாக்கைக் காப்பாற்றினேன். வீட்டுக்காரம்மா தானாகவே அவர் கணவருடைய பழைய டூல்ஸ் பெட்டியை எடுத்துக் கொடுத்தால் நான் என்ன செய்ய? பாஷை தெரியாவிட்டாலும் ஸ்பேனரை நீட்டினால் யாருக்கும் புரியும். அந்த வீட்டில் செய்ய வேண்டியது நிறைய இருந்தது. முன்கதவு இப்போது உரசாது. சமையலறைக் குழாய் சொட்டாது. உன் அறை ஜன்னலுக்குப் புதுக் கொக்கி போட்டேன், காற்று வராது. வார்டன் கட்டில் ஆடுவதும் நின்றிருக்கும். நீங்கள் கடலுக்குப் போன அன்று காலை மட்டும் அந்த ஹீட்டர் மக்கர் செய்யாமல் இருந்திருந்தால் நானும் வந்திருப்பேன். குளிர் ஊரில் வெந்நீர் இல்லாமல் மூன்று பெண்களை விட்டுவிட்டு மணலில் நடக்க எனக்கு மனசு வரவில்லை. கடல் எங்கே போய்விடப்போகிறது.

கிளம்பும்போது பஸ் ஸ்டாப்பில் நீ எதுவும் சொல்லவில்லை. கூட்டமாக இருந்தது. எழுதுவாய் என்று நினைத்தேன். மார்ச்சில் எந்த வாரம் வருகிறாய் என்று தெரிந்தால் ஹாலுக்கு அதற்குள் பெயின்ட் அடித்துவிடலாம். என்ன கலர் என்றும் எழுது.

இப்படிக்கு,
நான்


ஜனவரி 22

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூவரும் படித்தோம். ஹீட்டர் அருமையாக ஓடுகிறது. வார்டன் கட்டிலில் புரளும்போதெல்லாம் உங்களை வாழ்த்துகிறாள். வீட்டுக்காரம்மா ஜாடையில், அடுத்த லீவுக்கும் அவர் வருவாரா என்று கேட்டார். நீங்கள் போன மறுநாள் டீச்சர், “இவ்வளவு நல்ல மனுஷனை விட்டுட்டு நீ ஏன்டி எங்ககூட சுத்தற?” என்றாள். அதே கேள்வியை நானும் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை.

நீங்கள் நல்ல மனுஷன்தான். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் வந்ததில்லை.

பத்து நாளும் உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் நான் எழுவதற்குள் நீங்கள் ஏதாவது ஒரு கதவுக்கு அடியில் குந்தியிருப்பீர்கள். “அந்தத் திருப்புளியை எடு.” “தண்ணி வருதா பாரு.” “விளக்கைக் கொஞ்சம் இப்படிக் காட்டு.” இந்த மூன்றும் தவிர என்னிடம் வேறு என்ன பேசினீர்கள் என்று யோசிக்கிறேன். இந்த அரை வருடத்தில் நான் எதைப் பார்த்தேன், யாரோடு பேசினேன், எங்கே வழி தவறினேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. விளக்கைக் காட்டிக்கொண்டு நின்றேன். வீட்டிலும் இப்படித்தானே இருந்தோம் என்று அப்போது தோன்றியது. கோபமாக இல்லை, வெளியிலிருந்து யாரையோ பார்ப்பதுபோல இருந்தது.

கடலுக்கு முதல் நாளே நான்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன். காலையில் நான் கோட்டு போட்டுக்கொண்டு வந்து நின்றபோது சமையலறைத் தரை முழுக்க ஹீட்டரின் உறுப்புகள். “நீங்க போய்ட்டு வாங்க, இதை இப்படியே போட்டுட்டு வர முடியாது” என்றீர்கள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் மூன்று கோட்டுகளையும் மடித்து வைத்துக்கொண்டு போனேன். அங்கே அலை பெரிதாக இருந்தது, கடைகள் எல்லாம் மூடியிருந்தன. வார்டனும் டீச்சரும் முன்னால் போய்விட்டார்கள். நம் இருவரையும் தனியாக நடக்க விடுவது என்று முன்பே அவர்கள் பேசிவைத்திருந்தார்கள், நீங்கள் வரவில்லை என்பதை மறந்து அப்படியே செய்தார்கள்.

இதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அன்று காலைவரை மார்ச்சில் வீட்டுக்கு வருவது என்றுதான் இருந்தேன். அதை உங்களிடம் அந்த மணலில் நடந்துகொண்டே சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். திரும்பி வந்தபோது நீங்கள் சிரித்துக்கொண்டே குழாயைத் திறந்துவிட்டு, “தொட்டுப் பாரு” என்றீர்கள். தொட்டுப் பார்த்தேன். நல்ல சூடு. உங்கள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். இந்தச் சந்தோஷத்துக்கு நான் பக்கத்தில் இருக்க வேண்டிய அவசியமில்லை என்று பட்டது. வருத்தம்தான், ஆனால் அழவில்லை.

நான் இவர்களோடு போகிறேன். இன்னும் ஒரு வருடம். அதன் பிறகு என்ன என்று இப்போது கேட்காதீர்கள். பாப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். ஹாலுக்கு உங்களுக்குப் பிடித்த கலரை அடியுங்கள், பார்த்துக்கொண்டிருக்கப்போவது நீங்கள்தானே.

பிப்ரவரி பாதியில் இந்த வீட்டைக் காலி செய்கிறோம். பதில் எழுதுவதானால் அதற்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மனைவி


ஜனவரி 28

அன்புள்ள இந்தாம்மாவுக்கு,

கடிதம் இன்றைக்கு வந்தது. வேலைக்குப் போகிற வழியில் வாங்கி, ஒரு ஆஸ்பத்திரி மொட்டை மாடியில் லிஃப்ட் மோட்டார் இருக்கிற அறையில் நின்றபடி படித்தேன். இரண்டாம் தடவை உட்கார்ந்து படித்தேன். கீழேயிருந்து பங்காளி, “அண்ணே, ஆச்சா?” என்று கத்திக்கொண்டே இருந்தான். இன்றைக்கே தபாலில் சேர்த்துவிட வேண்டும் என்று இங்கேயே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ எழுதியதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. ஒன்றே ஒன்று உனக்குத் தெரியாது.

கடலுக்குப் போகிற முதல் நாள் சாயங்காலம் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். டீச்சர் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். “நாளைக்கு அவ உங்ககிட்ட தனியா ஏதோ பேசணும்னு இருக்கா. நாங்க ரெண்டு பேரும் முன்னாடி போயிடுவோம்” என்றார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். தனியாகக் கூட்டிப்போய்ச் சொல்லுகிற விஷயம் நல்ல விஷயமாக இருக்காது என்று நினைத்தேன். வீட்டுக்கு வரவில்லை என்று சொல்லத்தான் கடற்கரைவரை கூட்டிப்போகிறாய் என்று நினைத்தேன். வருகிறேன் என்று சொல்வதாக இருந்தால் சமையலறையிலேயே சொல்லியிருப்பாயே. விடியும்வரை இதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

காலையில் ஹீட்டர் நன்றாகத்தான் ஓடியது. அதில் ஒரு குறையும் இல்லை. நான்தான் கழற்றிப் போட்டேன்.

நீங்கள் போன கொஞ்ச நேரத்தில் மாட்டிவிட்டேன். பெரிய வேலை இல்லை. அடுத்த பஸ் இருந்தது, நேரமும் இருந்தது. பஸ் ஸ்டாப்வரை போனேன். பெஞ்சில் உட்கார்ந்தேன். பஸ் வந்து நின்றது, டிரைவர் கதவைத் திறந்து என்னைப் பார்த்தார், நான் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். திரும்பி வந்து, நீங்கள் வருகிற நேரத்துக்குக் குழாயைத் திறந்து வைத்தேன். நீ பார்த்த சந்தோஷம் வெந்நீருக்காக இல்லை. நீ எதுவும் சொல்லாமல் வீட்டுக்குள் வந்தாய், நான் தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

இதைச் சொல்லி உன் மனதை மாற்றலாம் என்று எழுதவில்லை. நீ போ. நீ சொன்ன மற்றதெல்லாம் அப்படியேதான் இருக்கிறது. அரை வருடம் நீ என்ன பார்த்தாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதில் நான் இல்லாதது தெரிந்துவிடும் என்று ஒரு பயம். இப்போது கேட்கிறேன். எங்கே வழி தவறினாய்? மெதுவாக எழுது. எனக்கு அவசரம் இல்லை.

பங்காளி மேலே ஏறி வந்துவிட்டான், கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்கிறான். கிரீஸ் என்று சொல்லியிருக்கிறேன்.

அடுத்த ஊருக்குப் போனதும் முகவரி எழுது. வரச் சொல்லி எழுத வேண்டாம். முகவரி மட்டும் போதும்.

இப்படிக்கு,
உன் கணவன்