சுருட்டுப் பெட்டியின் ஈரம்

அம்மாடி,

உன் பிள்ளை பிறந்ததும் இந்த ஊர் வழக்கப்படி நண்பர்களுக்குக் கொடுக்க நான் வாங்கிய சுருட்டுகள் மரப்பெட்டியில் அப்படியே இருக்கின்றன. சிட்னி வெயிலில் புகையிலை உலர்ந்து நொறுங்கிவிடும் என்று, உள்ளே இருக்கும் பஞ்சை அவ்வப்போது நனைத்து வைக்கிறேன்.

"இன்னும் எதுக்குங்க?" என்கிறாள் உன் அம்மா. பெட்டிக்குள் ஈரப்பதம் காட்டும் முள்ளைப் பார்ப்பதுபோல் குனிந்துகொள்வேன்.

குழந்தையின் அடக்கத்துக்குப் பிறகு மாப்பிள்ளை முதல்முறையாக நேற்று மெல்பர்னிலிருந்து வந்தார். பெட்டியைப் பார்த்ததும், "ஒண்ணு குடுங்க மாமா. நானும் அப்பாதானே?" என்றார்.

தோட்டத்தில் உட்கார்ந்து பற்றவைத்தோம். அவருக்குப் பழக்கமில்லை, இருமினார், பிறகு அழுதார். முதுகைத் தடவிக்கொடுத்தேன். பேத்திக்கு நீங்கள் இருவரும் யோசித்து வைத்திருந்த பெயரைச் சொன்னார்.

அதை உன் வாயாலும் கேட்க வேண்டும். உனக்கு எப்போது முடிகிறதோ, அப்போது போனில் கூப்பிடு.

உன் அப்பா