குலுக்கிய குழாய்கள்

இன்று காலை ஆய்வகத்தில் அரைத்த ஆட்டு ஈரலின் வாடை எழுந்ததும் உன் நினைவு வந்தது. பூ வாசனையில் நினைவுக்கு வருகிற ஆள் இல்லை நீ. செத்தவனைத் திட்டக் கூடாது என்பார்கள். நீ போய் நாலு மாதம் ஆகிறது. நாலு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அந்த மரியாதை உனக்குப் போதும்.

எம்.எஸ்சி. மாணவி ஒருத்தி சோதனைக் குழாய்களோடு என் மேசைக்கு வந்து நின்றாள். “சார், தில்லை இலைச் சாறு ஊத்துன ட்யூபும் வெளுத்துப் போயிடுது சார். உங்க பேப்பர்ல நீலமாவே நிக்கும்னு போட்டிருக்கு. மூணு தடவ செஞ்சிட்டேன். நான்தான் எங்கியோ தப்பு பண்றேன் போல.” அவள் சொன்ன பேப்பர் என்றால் முதலில் உன் பெயரும் இரண்டாவதாக என் பெயரும் போட்ட அதே ஆராய்ச்சிப் பேப்பர்தான். “இன்னொரு தடவ செஞ்சு பாரும்மா” என்று அனுப்பிவிட்டேன். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனாள்.

2006இல் அண்ணாமலை நகரில் நாம் ஒரே மேசையில் ஆராய்ச்சிக்கு உட்கார்ந்தோம். நீ கீரப்பாளையத்தில் நெல் விளைகிற வீட்டுப் பிள்ளை. நான் கடலூர்க் கடற்கரை மீனவக் குப்பத்திலிருந்து வந்தவன். ஈரலை ஐஸில் வைத்தே அரைக்க வேண்டும், இல்லாவிட்டால் என்சைம் கெட்டுவிடும். முதல் நாளே ஐஸ் கட்டியை என் பக்கம் தள்ளினாய். “நீயே ஒட மச்சான், உங்க வீட்டுத் தொழிலாச்சே.” மூன்று வருடமும் நான்தான் உடைத்தேன். உன் கை ஒரு நாளும் சில்லிட்டதில்லை.

பேச்சில் மட்டும் உன்னை மிஞ்ச ஆள் கிடையாது. நம் உடம்பில் சிட்ரிக் அமிலச் சுழற்சி என்று ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது, அதில் சக்சினேட்டைப் பிடித்து வேலை வாங்குகிற என்சைம் ஒன்று இருக்கிறது. அது வேலை செய்தால், நாம் ஊற்றிய நீலச் சாயம் வெளுக்கும். அதைத் தடுத்தால் நீலம் அப்படியே நிற்கும். தடுப்பதற்குப் பேர்போனது மலோனேட். பார்வைக்குச் சக்சினேட் மாதிரியே இருக்கும், ஆனால் எதற்கும் உதவாது. ஜூனியர்களுக்கு நீ இப்படிச் சொல்வாய்: “மலோனேட்டுன்னா பஸ் ஜன்னல் வழியா சீட்ல போட்ட துண்டு. அதுவும் ஒக்காராது, ஒக்கார வர்றவனையும் விடாது.” இன்றைக்கும் வகுப்பில் அதைத்தான் சொல்கிறேன். உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட ஒரே உருப்படியான சாமான் அதுதான்.

தில்லை மரத்துப் பால் கண்ணில் பட்டால் கண் போகும் என்பது பிச்சாவரம் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அவ்வளவு விஷம் இருந்தால் அது கட்டாயம் இந்த என்சைமைத்தான் தடுக்க வேண்டும் என்று நீயாக முடிவு கட்டினாய். ட்யூப்களும் உனக்கு ஒத்து ஊதின. சாறு ஊற்றியதெல்லாம் நீலமாகவே நின்றது. கைடு உன் முதுகில் தட்டினார். என்னையும் கூட்டுச் சேர்த்துப் பேப்பர் போட்டாய்.

அந்தச் சாயத்துக்கு ஒரு குணம் உண்டு. வெளுத்த பிறகும் காற்றுப் பட்டால் மறுபடி நீலமாகிவிடும். அதனால்தான் மேலே லிக்விட் பாரஃபின் எண்ணெயை ஒரு படலமாக ஊற்றி, அசைக்காமல் வைக்கச் சொல்கிறார்கள். நீயோ, “எண்ணெ ஊத்துனா கழுவறது ஜாஸ்தி வேல மச்சான்” என்று அதை விட்டுவிட்டாய். போதாக்குறைக்கு உன் ஆசைக்குரிய தில்லை ட்யூப்களை மட்டும் நிமிஷத்துக்கு ஒரு தரம் எடுத்து, சந்தையில் தேங்காய் பார்ப்பவன் மாதிரி குலுக்கிக் குலுக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பாய். சாறு ஊற்றாத ட்யூப் கேட்பாரற்று மூலையில் கிடந்து நிம்மதியாக வெளுக்கும்.

நீ யாரோ சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போன ஒரு நாள் உன் வேலையை நான் செய்தேன். எண்ணெய் ஊற்றினேன், தொடவே இல்லை. மலோனேட் ட்யூப் நீலமாக நின்றது. தில்லை ட்யூப்கள் அத்தனையும் வெளுத்தன. உன் கண்டுபிடிப்பு மொத்தமும் உன் கை செய்த வேலை. சிரிப்பு வந்தது, பிறகு பயம் வந்தது. அந்தப் பேப்பரைக் காட்டித்தான் கடலூர்க் கல்லூரி வேலைக்கு நான் விண்ணப்பம் போட்டிருந்தேன். ட்யூப்களைக் கழுவி வைத்துவிட்டு, நீ வந்ததும் கல்யாணச் சாப்பாடு எப்படி என்று கேட்டேன்.

முனைவர் பட்டத்துக்காகச் சபை முன்னால் நடக்கிற உன் பப்ளிக் வைவா 2009இல். வழக்கம்போல, சபையில் கேட்க வேண்டிய கேள்விகளைச் சீட்டில் எழுதி நண்பர்களுக்கு முன்னாலேயே கொடுத்துவிட்டாய். என் கையில் வைத்த சீட்டை மட்டும் பிரித்தால் வெறும் வெள்ளை. எனக்கு ஒரு கேள்வி எழுதக்கூட உனக்குக் கை வணங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். என் முறை வந்ததும் எழுந்து நின்றேன். ட்யூபைக் குலுக்கியது பற்றிய கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது. “உங்கள் எதிர்கால ஆராய்ச்சித் திட்டம் என்ன?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தேன். அதைவிடக் கேவலமான கேள்வி எந்த வைவாவிலும் கிடையாது. நீ என்னையே ஒரு கணம் பார்த்தாய், பிறகு ஏதோ உளறினாய். வெளியே கேசரி கொடுத்தார்கள். இரண்டு தரம் வாங்கித் தின்றேன்.

போன வருடம் எங்கள் கல்லூரிச் செய்முறைத் தேர்வுக்கு வெளித் தேர்வாளராக வந்தாய். ஒரு பையன் ட்யூபைத் தூக்கிக் குலுக்கினான். நீ ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தாய். “குலுக்காத தம்பி. காத்து உள்ள போனா நீலம் திரும்பிடும்.”

சாப்பாட்டு இலையில் உன்னைக் கேட்டேன். “எப்பலேருந்து தெரியும்?”

“வைவாவுக்கு முன்னாடியே தெரியும். கல்யாணத்துக்குப் போயிட்டு வந்து பாத்தா ட்யூபெல்லாம் எண்ணெப் பிசுக்கு. நீ ஒழுங்கா கழுவல. நானும் எண்ணெ ஊத்திச் செஞ்சு பாத்தேன், எல்லாம் வெளுத்துச்சு. நானா போயி சொன்னா கைடு சும்மா விடுவாரா? சபையில நீ கேட்டா நான் பதில் சொல்லித்தான ஆவணும். அதுக்குத்தான் உனக்கு மட்டும் வெத்துச் சீட்டு குடுத்தேன் மச்சான்.”

நீ ரசத்துக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தாய். உன் பொய்யை உடைக்கிற வேலையையும் ஐஸ் கட்டி மாதிரி என் பக்கம் தள்ளிவிட்ட கோழை நீ. உன்மேல் எனக்குள்ள வெறுப்பு நீ செத்தும் ஒரு பிடி குறையவில்லை. ஆனால் நீயாவது ஒரு சீட்டு கொடுத்தாய். நான் கேசரி தின்றேன்.

அந்தச் சீட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. மத்தியானம் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து, மடிப்பை நீவிவிட்டு, இத்தனை வருடம் கழித்து அதில் எழுதினேன்: “ட்யூபைக் குலுக்கினாயா?” நாளைக் காலை அந்தப் பெண் நாலாவது தடவையும் வெளுத்துப்போன ட்யூப்களோடு, தான்தான் தப்பு என்று சொல்லிக்கொண்டு வருவாள். சீட்டை அவள் கையில் கொடுத்து, சத்தமாக என்னைக் கேட்கச் சொல்லப் போகிறேன். பதில் சொல்ல நீ இல்லை. பேப்பரில் அடுத்த பெயர் என்னுடையது.